பாவாடை என்றொரு ஆண் பெயர்

அன்புள்ள சேகர்,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் மறந்துவிடாதே.

'அறுவை' என்று பார்த்ததும் என் புத்தி துணிக்குத் தாவிவிட்டது. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி அல்லவா? அறுத்தது அறுவை, துணித்தது துணி, கூறு போட்டது கூறை. இதில் ஆண் எங்கே, பெண் எங்கே?

வகுப்புத் தோழனின் தாத்தா பெயர் பாவாடை என்று கேட்டு உன் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாளாமே. அவளிடம் சொல்: பாவுவது என்றால் பரப்புவது. பெரியவர்கள் நடந்து வரத் தரையில் விரிக்கும் துணிக்கு நடைபாவாடை என்றே பெயர். அங்காளம்மனுக்குக் காவலாக நிற்பவர் பாவாடைராயன். அந்தச் சாமி பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்கிறார்கள்.

சிரிக்க எனக்கும் தகுதியில்லை. மெய்ப்புப் பார்த்த காலத்தில் ஈழத்துக் கதையொன்றில் ஒருவர் புடவைக்கடைக்குப் போய் வேட்டி வாங்குவார். சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'ஜவுளிக்கடை' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். எழுதியவரிடமிருந்து ஒரே வரி வந்தது: "எங்களுக்குப் புடவை என்றால் துணி, உடுத்துவது சேலை." நம் பழைய வழக்கும் அதுதான். சீலையும் அப்படியே, திரைச்சீலையை யார் உடுத்துகிறார்கள்?

பொதுச் சொல்லெல்லாம் ஏன் பெண் பக்கம் ஒதுங்கின? ஆண்கள் தைத்த சட்டைக்கும் பேண்டுக்கும் போனார்கள், பெண்கள் தைக்காத துணியை விடவில்லை, பழைய பெயரும் அவர்களோடே தங்கிவிட்டது என்பது என் ஊகம். வேட்டி மட்டும் இதில் இடிக்கிறது.

ஆங்கிலத்தில் ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே வேரில் பிறந்தவை. பிரெஞ்சு இன்னும் வேடிக்கை. ஆணின் சட்டை 'ஷெமீஸ்', இலக்கணப்படி பெண்பால். பெண்ணின் சட்டை 'ஷெமீசியே', ஆண்பால்! நமக்கு அந்த வம்பே இல்லை, யார் உடுத்தினாலும் அஃறிணை.

சரி, என் அறுவை போதும். கண்ணுக்கு வேலை கொடுக்காதே, பேத்தியை விட்டே இதைப் படிக்கச் சொல். அடுத்து எந்தப் பெயருக்குச் சிரித்தாள் என்று எழுது.

அன்புடன்,
முத்து