நிறுத்தத் துணிந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளையும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலையும் எழுதிப் பேணிவருவோருக்கும், எங்கள் கணக்கைக் காகிதத்திலிருந்து மீட்டுத் தந்த பால் சங்கச் செயலாளர்களுக்கும் என் வணக்கம்.

பால் சேகரிப்புக் கணக்கு ஒன்றின் தரவுத்தளத்தைப் பல ஆண்டுகளாக நான் பராமரித்து வருகிறேன். கிராமச் சங்கங்களில் காலையும் மாலையும் உறுப்பினர்கள் ஊற்றும் பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் அன்றன்றைக்கே அதில் ஏறுகின்றன. அந்த எண்களை வைத்தே அவர்களுக்குப் பணம் பட்டுவாடா ஆகிறது. ஒரு வரி காணாமற்போனால் ஒரு வீட்டாரின் ஒரு வேளை உழைப்புக்குக் கணக்கில்லாமற் போகும். 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் அட்டவணையிலிருந்து சில நூறு வரிகள் அப்படிக் காணாமற்போயின. அதற்கான காரணம் அடுத்த ஆண்டில்தான் எனக்கு விளங்கியது. அதைக் கண்டறிந்தவர்கள், திருத்தியவர்கள், அதுவரை எங்களைத் தாங்கியவர்கள் ஆகிய எல்லோருக்கும் நான் பட்டிருக்கும் கடனை எழுத்தில் ஒப்புக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒருநாள் இரவு, சேமிப்புக் கருவிக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பு சில நொடிகள் அறுந்து மீண்டும் வந்தது. தரவுத்தளத்தின் நிகழ்வுகள் பதிவாகும் லாக் கோப்பில், ஒரு கோப்பை எஃப்சிங்க் செய்ய (அதாவது, அது வட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்ய) முடியவில்லை, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று ஒரே ஒரு வரி பதிவாகியிருந்தது. அதையடுத்து, செக்பாயிண்ட் (அதுவரையிலான மாற்றங்களை வட்டில் சேர்க்கும் சுற்று) முடிந்தது என்ற வழக்கமான வரி இருந்தது. காலையில் இரண்டையும் படித்த நான், கோளாறு தானாகவே சரியாகிவிட்டது என்று எண்ணி வேறு வேலைக்குப் போய்விட்டேன். நான்கு நாட்கள் கழித்து ஒரு சங்கத்தின் செயலாளர், தம் நோட்டில் இருக்கும் மொத்தமும் கணினியில் இருக்கும் மொத்தமும் ஒத்துவரவில்லை என்று தொலைபேசியில் சொன்னார். பார்த்தால், வரிகளைத் தேட உதவும் குறியீட்டில் (இண்டெக்ஸ்) அந்த வரிகளின் முகவரிகள் இருந்தன. அந்த முகவரிகளில் வரிகள் இல்லை. எந்த நிரலும் அவற்றை அழிக்கவில்லை. அந்த இரவுக்கு முந்தைய காப்பு நகலில் அவை ஏறியிருக்கவில்லை, பிந்தைய நகல்களிலும் இல்லை. "எழுதியாச்சுன்னு கம்ப்யூட்டர் சொன்னதுக்கு அப்புறம் எப்படிங்க இல்லாமப் போகும்?" என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றுதான் அன்று என்னால் சொல்ல முடிந்தது.

2018 மார்ச் இறுதியில் போஸ்ட்கிரெஸ் நிரலாளர் கிரெய்க் ரிங்கர் தாம் உதவிய ஒரு பயனரின் சேமிப்புக் கோளாற்றை ஆராய்ந்து, போஸ்ட்கிரெஸ் எஃப்சிங்கைப் பற்றிக் கொண்டிருந்த நம்பிக்கையே தவறானது என்று எழுதினார். அதைப் படித்தபோது எங்கள் லாக் கோப்பின் அந்த இரண்டு வரிகளை யாரோ எனக்கு உரக்கப் படித்துக் காட்டியது போலிருந்தது. அவர் விளக்கியதை என் சொற்களில் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனெனில் நன்றி சொல்ல வேண்டிய செயல் எது என்பது அந்த விளக்கத்தில்தான் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ரைட் அஹெட் லாக் என்னும் மாற்றப் பதிவேட்டில் எழுதி வட்டில் உறுதிப்படுத்திய பிறகே, பரிவர்த்தனை முடிந்தது என்று சொல்கிறது. அட்டவணையைத் தாங்கும் 8 கேபி துண்டுகளான பக்கங்களோ உடனே வட்டுக்குப் போவதில்லை. அவற்றை அது கெர்னலிடம் ஒப்படைக்க, கெர்னல் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு வட்டில் எழுதும். செக்பாயிண்ட் நேரத்தில், ஒப்படைத்தவை எல்லாம் வட்டை அடைந்துவிட்டனவா என்று எஃப்சிங்க் மூலம் கெர்னலிடம் கேட்டு, ஆம் என்ற பதில் வந்த பிறகுதான் பழைய மாற்றப் பதிவேட்டை இனித் தேவையில்லை என்று தள்ளிவிடும். சர்வர் எந்தக் கணத்தில் விழுந்தாலும், கடைசிச் செக்பாயிண்டிலிருந்து பதிவேட்டை மறுபடி ஓட்டி, விழுவதற்கு முன்பிருந்த நிலையை மீட்டுக்கொள்ளலாம் என்ற உறுதி முழுவதும் அந்த ஒற்றை ஆம் மீதுதான் நிற்கிறது.

எஃப்சிங்க் தோற்றால் அந்தச் செக்பாயிண்டைக் கைவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்பதே போஸ்ட்கிரெஸின் வழக்கமாக இருந்தது. எழுத முடியாத பக்கங்களைக் கெர்னல் இன்னும் கையில் வைத்திருக்கும், அடுத்த முறை எழுதிவிடும் என்பது அதன் எதிர்பார்ப்பு. லினக்ஸ் அப்படிச் செய்வதில்லை. எழுதும் முயற்சி தோற்றவுடன் அந்தப் பக்கங்களை எழுதி முடித்தவை போலக் குறித்துவிடுகிறது. பிழையை ஒருமுறை தெரிவித்ததோடு அதையும் மறந்துவிடுகிறது. ஆகவே இரண்டாம் முறை கேட்கும்போது எழுத வேண்டியது எதுவுமில்லை, ஆம் என்ற பதில் வருகிறது. போஸ்ட்கிரெஸ் அதை நம்பிச் செக்பாயிண்டை முடித்து, இழந்த பக்கங்களைத் திரும்ப உருவாக்கியிருக்கக்கூடிய பதிவேட்டையும் விட்டுவிடுகிறது. சில நாட்களில் நினைவகத்திலிருந்த புதிய பக்கம் வெளியேற்றப்பட்டு, வட்டிலிருந்து பழைய பக்கம் திரும்ப ஏறும்போது, வரிகள் சத்தமின்றி மறைந்துபோகின்றன. எங்களுக்கு நேர்ந்தது சரியாக இதுதான்.

கெர்னலை எழுதுவோர் மீது எனக்குக் குறையில்லை. பயன்பாட்டிலிருக்கும் யூஎஸ்பி வட்டை ஒருவர் பிடுங்கிவிட்டால், அதற்குப் போக வேண்டிய பக்கங்களை என்றைக்குமாக வைத்திருப்பது நினைவகத்தை நிரப்பி முழுக் கணினியையும் முடக்கும் என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. அதே வேளையில், ஃப்ரீபிஎஸ்டி என்னும் வேறோர் இயங்குதளம் அத்தகைய பக்கங்களை எழுத வேண்டியவையாகவே வைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேறு வழி இல்லாமலில்லை.

கெர்னல் நிரலாளர் ஜெஃப் லேட்டன் அவர்களே, இந்தச் சிக்கல் எங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன்பே நீங்கள் அதில் பாதியைத் தீர்த்திருந்தீர்கள். முன்பெல்லாம் பிழைக்குறி கோப்புக்கு ஒன்றாக இருந்தது. யாரோ ஒருவர் முதலில் கேட்டுவிட்டால் அது அழிந்து, உண்மையில் அதை அறிய வேண்டியவருக்கு எட்டாமலே போய்விடும். 2017இல் வந்த லினக்ஸ் 4.13இல் நீங்கள் அமைத்த முறையால், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அப்பிழை தனித்தனியே தெரிவிக்கப்படுகிறது. அதிலும் ஓர் இடைவெளி இருந்தது: பிழை நேர்ந்த பிறகு கோப்பைத் திறப்பவருக்கு அது தெரியாது. போஸ்ட்கிரெஸில் பக்கத்தை எழுதுவது ஒரு செயல்முறை (தனியாக ஓடும் நிரல்), பிறகு கோப்பைத் திறந்து எஃப்சிங்க் கேட்பது வேறொரு செயல்முறை என்பதால் அந்த இடைவெளி எங்களைப் போன்றோரை நேராகத் தாக்கக்கூடியது. அதுவரை எவருக்கும் தெரிவிக்கப்படாத பிழையைப் பின்னால் திறப்பவருக்காவது தெரிவிக்கும்படி 2018இல் மேத்யூ வில்காக்ஸ் செய்த திருத்தம் அதை அடைத்தது. இருவருக்கும் நன்றி.

போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ரூயண்ட் 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டியில் கூடிய கெர்னல் சேமிப்புத் துறையினரின் கூட்டத்திற்குப் போய், தரவுத்தளத்தின் தரப்பை அவர்களிடம் நேரில் எடுத்துவைத்தார். இரு தரப்பும் ஒன்றன்மேல் ஒன்று பழிபோட்டுக்கொண்டு ஆண்டுகளைக் கழித்திருக்கலாம். அப்படி ஆகாமற்போனதற்கு அந்தப் பயணமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி, என் நன்றியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ரிங்கர் எழுதி, போஸ்ட்கிரெஸ் குழுவின் தாமஸ் மன்ரோ செப்பனிட்டு, ராபர்ட் ஹாஸும் அமித் கபிலாவும் சரிபார்த்து, 2018 நவம்பரில் மன்ரோ சேர்த்த திருத்தம், அளவில் மிகச் சிறியது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுபடி கேட்காதே. அக்கணமே, இனித் தொடர முடியாது என்னும் பொருளில் பேனிக் என்று அறிவித்து முழுத் தரவுத்தளத்தையும் விழச்செய். பதிவேடு இன்னும் கையில் இருக்கும்போதே கடைசிச் செக்பாயிண்டிலிருந்து நிலையை மீட்டுக்கொள். அவ்வளவுதான். ஆனால் பல்லாயிரம் பேர் நம்பியிருக்கும் ஒரு மென்பொருளைப் பிழை நேர்ந்ததும் தானாக விழும்படி மாற்றுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைத் தரவுத்தளம் நின்ற இரவில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லியவர்கள் அறிவார்கள். நிற்காமல் ஓடுவதுதான் நல்ல மென்பொருளின் அடையாளம் என்று நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஓடிக்கொண்டே பொய்ச்சாட்சி சொல்லும் தரவுத்தளத்தைவிட, நின்று உண்மை சொல்லும் தரவுத்தளம் மேலானது என்று முடிவெடுத்து, அந்த முடிவின் சுமையைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள்.

பழைய வழக்கமே வேண்டும் என்போருக்காக டேட்டா சிங்க் ரீட்ரை என்ற அமைப்பைத் தந்து, அதை இயல்பாக அணைத்தே வைத்தது இன்னொரு நல்ல முடிவு. புதிய பதிப்புக்கு மட்டும் செய்து நிறுத்தாமல், 2019 பிப்ரவரி 14 அன்று 11.2, 10.7, 9.6.12, 9.5.16, 9.4.21 ஆகிய ஐந்து கிளைகளிலும் அதை வெளியிட்டீர்கள். நாங்கள் அப்போது 9.6இல் இருந்தோம். பெரிய பதிப்பு மாற்றத்திற்கு ஆளும் நேரமும் இல்லாத எங்களைப் போன்ற சிறிய இடங்களையும் நினைத்துச் செய்த உழைப்பு அது. அதே மாதம் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஃபாஸ்டெம் என்னும் திறமூல மென்பொருள் மாநாட்டில் உங்கள் குழுவின் தோமாஷ் வோந்த்ரா, 20 ஆண்டுகளாக எஃப்சிங்கைத் தவறாகப் பயன்படுத்தியது எப்படி என்று மேடையில் நின்று விளக்கினார். சொந்தப் பிழையை அவ்வளவு வெளிப்படையாகப் பேசும் குழுவிடம் என் கணக்கை ஒப்படைத்திருப்பதில் எனக்கு நிம்மதி.

விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவினருக்கும் நன்றி. 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் எஃப்சிங்க் தோல்விக்குப் பின் எவ்வெவ்வாறு நடந்துகொள்கின்றன என்று சோதித்து, அவற்றின் மேல் ஓடும் போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், ரெடிஸ் போன்ற தரவுத்தளங்கள் எங்கே தடுமாறுகின்றன என்று காட்டியது. விழுந்து எழுவது மட்டும் எல்லா நேர்விலும் போதாது, எழுந்தபின் படிக்கும் பக்கம் வட்டிலிருந்து வருகிறதா கெர்னலின் நினைவகத்திலிருந்து வருகிறதா என்பதும் முக்கியம் என்று அதிலிருந்து கற்றேன். அதைப் படித்த பிறகே ஃபுல் பேஜ் ரைட்ஸ் அமைப்பின் மதிப்பும் எனக்குத் தெரிந்தது. செக்பாயிண்டுக்குப் பின் முதன்முறை மாறும் பக்கத்தின் முழுப் படியும் பதிவேட்டில் இருப்பதால், மீட்பின்போது நினைவகத்தில் இருக்கும் பக்கம் புதிதுபோலத் தோன்றினாலும் அந்தப் படி அதன் மேல் வைக்கப்பட்டு மறுபடி எழுத வேண்டியதாகக் குறிக்கப்படுகிறது. வேகத்திற்காக அதை அணைக்க ஒருகாலத்தில் நான் நினைத்ததுண்டு.

மீட்க ஒரு பதிவேடு இருப்பதற்கே முன்னோர் சிலருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்து, பிறகு ஐபிஎம் ஆய்வகத்திற்குச் சென்ற சி. மோகன் தம் சக ஆய்வாளர்களுடன் 1992இல் வெளியிட்ட ஏரிஸ் முறை, விழுந்த தரவுத்தளம் நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே மறுபடி நடத்திக்காட்டி நிலையை மீட்பது எப்படி என்பதை வகுத்தது. போஸ்ட்கிரெஸ் அதை அப்படியே பின்பற்றவில்லை. முடியாத பரிவர்த்தனைகளைப் பின்னோக்கி அழிக்கும் கட்டம் அதில் இல்லை. ஆயினும் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் கடைசியாக ஏறிய மாற்றத்தின் எண்ணைத் தாங்கியிருக்கும் முறை இரண்டுக்கும் பொது. 2001இல் 7.1ஆம் பதிப்பில் மாற்றப் பதிவேட்டைப் போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுவந்த வாதிம் மிகேயெவ் அவர்களுக்கும், அப்பதிவேட்டைச் சேமித்துவைத்து விரும்பிய நேரத்து நிலைக்குத் திரும்பும் வசதியை 8.0இல் தந்த சைமன் ரிக்ஸ் அவர்களுக்கும் நன்றி. ரிக்ஸ் 2024 மார்ச்சில் காலமாகிவிட்டார். இதை அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். 2017இல் அந்த வசதியை நான் அமைத்திருந்தால் எங்கள் வரிகள் திரும்பக் கிடைத்திருக்கும். இன்று எங்கள் பதிவேடு தனி இடத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

2021இல் ஒரு மாலைக் கறவை நேரத்தில் அதே வகைக் கோளாறு மறுபடி வந்தது. இம்முறை லாக் கோப்பில் பேனிக் என்ற சொல் இருந்தது; எல்லா இணைப்புகளும் அறுந்தன; சங்கங்களிலிருந்து அழைப்புகள் வந்தன. என்னுடன் இரவுப்பணியில் இருந்த சக ஊழியர் பதற்றமின்றிக் கெர்னலின் செய்திகளைப் படித்து, பழுதான இணைப்பைக் கண்டுபிடித்து மாற்றினார். தரவுத்தளம் எழுந்து, கடைசிச் செக்பாயிண்டிலிருந்து பதிவேட்டை ஓட்டி, சில நிமிடங்களில் திரும்பியது. மறுநாள் ஒவ்வொரு சங்கத்தின் நோட்டோடும் ஒப்பிட்டோம். ஒரு வரிகூடக் குறையவில்லை.

அந்த நோட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இம்மடலை முடிக்க முடியாது. கணினி வந்த பிறகும் கையால் எழுதுவதை விடாமல், தேதி, உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு என்று கோடுபோட்டு எழுதிவந்த செயலாளர்களே, 2017இல் எங்கள் மீட்புப் பதிவேடாக இருந்தவை உங்கள் நோட்டுகளே. இரண்டு பகலும் ஓர் இரவும் நீங்கள் மாறிமாறி வாசிக்க, நாங்கள் தட்டச்சிட்டோம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அந்தப் பட்டுவாடா நடந்தது.

எழுதியாயிற்று என்று கணினி சொன்ன பிறகும் எப்படி இல்லாமற்போகும் என்று என்னிடம் கேட்ட செயலாளர் ஐயா அவர்களுக்கு: அன்று எனக்குத் தெரியவில்லை என்றேன். தாமதத்திற்கு மன்னியுங்கள், மேலே எழுதியிருப்பதுதான் என் பதில். அடுத்த வாரம் சங்கத்திற்கு வரும்போது, விளங்காத இடம் ஏதும் இருந்தால் உங்கள் நோட்டையும் எங்கள் லாக் கோப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரில் விளக்குகிறேன்.

நன்றியுடன்,
பால் சேகரிப்புக் கணக்கின் தரவுத்தளப் பொறுப்பாளர்