பெடல் இறுகினால் முதலில் பூஸ்டரைக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், பவர் பிரேக் உள்ள வண்டியில் பெடல் கட்டையாக இறுகிவிட்டால் பூஸ்டரை (வேக்குவத்தின், அதாவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தின், உதவியால் நம் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பாகம்) மாற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லியிருந்தது. அறுபதுகளின் முஸ்டாங்குக்கோ எழுபதுகளின் பென்ஸுக்கோ பூஸ்டர் வரவழைப்பது சின்னச் செலவில்லை. மாற்றிய பிறகும் பெடல் அப்படியே இருந்தால் பணம் போனதுதான் மிச்சம்.

ஸ்பேனரைத் தொடாமல் காலாலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் பூஸ்டரில் தங்கியிருக்கும் வேக்குவம் தீர்ந்துவிடும். பிறகு அழுத்திய காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் உதவி வரவில்லை. அப்போதும் பூஸ்டர்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. அதற்கு வேக்குவம் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூஸ்டரில் மாட்டும் ஹோஸ் முனையில் வேக்குவம் கேஜ் (வேக்குவத்தை அளக்கும் மானி) வைத்து ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) பாருங்கள். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் எஞ்சின், பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். குறைவாக இருந்தால் அதே கேஜை மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) வைத்துப் பாருங்கள். அங்கேயும் குறைவென்றால் கோளாறு எஞ்சினில். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், மேனிஃபோல்டு கேஸ்கட் (இணைப்பில் வைக்கும் அடைப்பு) வழியே காற்று கசிந்து உள்ளே போகலாம், வால்வு சரியாக உட்காராமல் இருக்கலாம். ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட வண்டிகளில் வேக்குவம் இயல்பாகவே குறையும். அவற்றுக்குத் தனியாக மின்சார வேக்குவம் பம்ப் வைப்பது ஒரு வழி.

மேனிஃபோல்டில் நன்றாக இருந்து பூஸ்டர் முனையில் மட்டும் குறைந்தால் ஹோஸைச் சந்தேகியுங்கள். அவசரத்துக்கு ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸையோ பெட்ரோல் ஹோஸையோ வெட்டி மாட்டியிருப்பார்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடேறியதும் ரப்பர் இளகி, உறிஞ்சும் வேகத்தில் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். கையால் தடவினால் வளைவில் தட்டையாக இருப்பது தெரியும். ஷெட்டில் நன்றாகப் பிடித்த பிரேக் அரை மணி நேரம் ஓடியபின் இறுகுகிறதென்றால் பெரும்பாலும் இதுதான். வேக்குவத்துக்கென்றே விற்கும் தடித்த ஹோஸை மட்டும் போடுங்கள்.

அடுத்தது, அந்த ஹோஸ் வழியில் இருந்து வேக்குவத்தைப் பூஸ்டரிலேயே தக்கவைக்கும் ஒருவழி வால்வு. பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. மலிவான பொருள்தான், ஆனால் இது கெட்டால் எஞ்சின் நின்ற கணமே பிரேக் உதவியும் நின்றுவிடும்.

இவை அத்தனையும் சரியாக இருந்து, பெடலை அழுத்திப் பிடித்திருக்கும் வரை காலடியில் ‘உஸ்’ சத்தம் ஓயாமல் கேட்டு, ஐட்லிங்கும் தடுமாறினால் பூஸ்டரின் டயாஃப்ரமோ (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) உள் வால்வோ போய்விட்டது என்று அர்த்தம். மிதிக்கும் கணத்தில் மட்டும் லேசாகக் கேட்டால் பயமில்லை.

பூஸ்டரை மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் மாஸ்டர் சிலிண்டரை (பூஸ்டருக்கு முன்னே இருந்து பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் உருளை) பார்க்காமல் மாற்றாதீர்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் பிரேக் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், பின்பக்க சீல் வழியாக அது பூஸ்டருக்குள் இறங்குகிறது. எஞ்சின் அதை உறிஞ்சி வெண்புகை விடுவதும் உண்டு. நட்டுகளைக் கழற்றி, பைப்புகளைப் பிரிக்காமல் மாஸ்டர் சிலிண்டரை மெதுவாக முன்னே இழுத்து, பூஸ்டர் வாயை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமும் உரிந்த பெயின்ட்டும் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். சீலை விட்டுவிட்டுப் புதுப் பூஸ்டர் மாட்டினால் அதுவும் அதே ஆயிலில் ஊறும்.

புதுப் பூஸ்டர் போட்டபின் வீல்கள் ஜாம் ஆவது இன்னொரு தலைவலி. மாஸ்டர் சிலிண்டர் நட்டுகளைத் தளர்த்தி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னே நகர்த்துங்கள். வீல் விடுபட்டால், பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் தள்ளுகம்பியின் நீளம் அதிகம். பெடலை விட்டபிறகும் அது பிஸ்டனை லேசாகத் தள்ளியே வைத்திருப்பதால், ஆயில் திரும்பும் சிறுதுளை மூடிக் கிடக்கிறது. நகர்த்தியும் விடாவிட்டால் ஜாமான வீலின் நிப்பிளை (ஏர் எடுக்கும் திருகு) திறங்கள். உடனே விட்டால் அந்த வீலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெடல் பஞ்சாக அமுங்கினாலோ, அழுத்திப் பிடிக்கையில் மெல்ல மெல்ல இறங்கினாலோ பூஸ்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலாவதற்கு ஏர் எடுங்கள், அதாவது பிரேக் பைப்புகளில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். இரண்டாவதற்கு, எங்கும் ஒழுகல் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பைப் பாருங்கள்.

டீசல் பென்ஸ் டபிள்யூ 123 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் வேக்குவத்தைத் தருவது எஞ்சின் முன்பக்கமுள்ள தனிப் பம்ப். அதே பம்ப்தான் கதவுப் பூட்டுகளையும் இயக்குகிறது, சாவியைத் திருப்பினால் எஞ்சினையும் நிறுத்துகிறது. பெடல் இறுகுவதோடு, சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பம்பிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

இங்ஙனம்,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
கோவை.