கடைக்குப் போகும் முன் முழங்காலை அளந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கூனில் தாம்வே பகுதியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழை இங்கே கைப்பேசியில்தான் படிக்கிறோம். கழிப்பறையைப் பற்றியெல்லாம் பத்திரிகைக்கு எழுதுவதா என்று என் வீட்டுக்காரருக்குக் கூச்சம். எனக்கு இல்லை. எட்டு மாதம் எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. பணத்தையும் இரண்டு தடவை கொட்டினோம். இதைப் படிக்கும் ஒரு வீட்டிலாவது வேலை முதல் தடவையே சரியாக முடியட்டும்.

என் மாமியாருக்கு 76 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எங்கள் வீடு இங்கே வழக்கமாகக் கட்டும் அளவு: பன்னிரண்டரை அடி அகலம், 50 அடி நீளம். கடைசியில் சமையலறை, அதை ஒட்டிப் பின்சந்துப் பக்கம் கக்கூஸ். குந்தி உட்காரும் பீங்கான், அதுவும் முக்கால் அடி மேடைமேல். மாடி வீடுகளில் ட்ராப்பும் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) குழாயும் தளத்துக்கு மேலேயே போக வேண்டியிருப்பதால் இப்படி மேடை கட்டிவிடுகிறார்கள். அத்தை அதில் ஏறி, குந்தி, சுவரில் கை ஊன்றி எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். சாயங்காலம் டீக்கடையிலிருந்து 'லப்பெயே' என்கிற பர்மா டீ வாங்கி வந்தால், "எனக்கு வேண்டாம்மா, நீ குடி" என்று தள்ளிவிடுவார். டீ பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தேன். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனபோதுதான், "ராத்திரி எந்திரிக்க வேண்டாமேன்னு பாத்தேன்" என்று வாயைத் திறந்தார். நான் மருமகளாக வந்து 27 வருஷம். பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உடனே உட்காரும் வகை ஒன்று வாங்கினோம். பர்மியர்கள் அதை 'போ-தைங்' என்பார்கள். வெள்ளைக்காரர் மாதிரி உட்காருவது என்று அர்த்தம். உட்காரும் வகையாக இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் நினைப்பு. உயரத்தைப் பற்றிக் கடையில் அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பொருத்திய பிறகு அளந்தால் உட்காரும் பலகையோடு சேர்த்து 15 அங்குலம்தான். அத்தை முன்னுக்குப் பின் ஆடி, மூன்றாவது தடவை எம்பித்தான் எழுந்தார். நான்காம் நாள் பக்கத்தில் இருந்த, துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழப் பார்த்திருக்கிறார். கம்பி திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முழங்கையில் அடி. இடுப்பு தப்பியது அம்மன் புண்ணியம்.

வேலையிலும் ஒரு கோளாறு. வந்தவர் பழைய மேடையை உடைக்காமல், அதற்குள் இருந்த ட்ராப்பையும் எடுக்காமல், மேலேயே புதியதை உட்கார்த்திவிட்டார். உட்காரும் பீங்கானுக்குள்ளேயே ஒரு ட்ராப் உண்டு. கீழேயும் ஒன்று இருந்தால் இரண்டுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் குடுகுடு என்று சத்தம் போட்டுவிட்டு மெல்ல இறங்கும், அடிக்கடி அடைக்கும். பழைய பீங்கானை மாற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு, நின்று பார்த்து வேலை வாங்குங்கள்.

இரண்டாவது தடவை ஒரு வயசான கொத்தனார் வந்தார். அவர் முதலில் கேட்டதே, "அம்மாவோட முழங்கால் உயரம் என்ன?" என்றுதான். செருப்பில்லாமல் நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை தையல் டேப்பால் அளந்தோம். 16 அங்குலம். மூட்டுவலிக்காரர்களுக்கு இருக்கையின் உயரம் அதைவிட ஒன்று ஒன்றரை அங்குலம் கூட இருந்தால் எழுவது சுலபம் என்றார். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-இல் வந்தது. அதையொட்டிய விதிகளில் பொது இடங்களில் இந்த உயரம் 17 முதல் 19 அங்குலம். ஆனால் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்காலிமேல் பலகை அடுக்கி அத்தையை உட்காரவைத்துப் பார்த்தோம். 19-இல் குதிகால் தரையில் படவில்லை, விரல் நுனிதான் தொட்டது. பதினேழரையில் இரண்டு பாதமும் முழுசாகப் பதிந்தன. கையை மடியில் வைத்தபடியே எழுந்துவிட்டார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மேடையை உடைத்துத் தரையைச் சமமாக்கினோம். கீழே போகும் எஸ் ட்ராப் இல்லாமல், பின்பக்கம் வெளியேறும் பி ட்ராப் வைத்தது வாங்கினோம். அதன் உயரம் பதினைந்தரை. கீழே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு உயர்த்தினார். அந்தக் கான்கிரீட் பீங்கானின் அடிப்பாகத்தைவிட அகலமாக இருக்கக் கூடாதாம். எழும்போது குதிகாலைப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டுமே! எத்தனை சின்ன விஷயம், எத்தனை பெரிய வித்தியாசம். உடைக்க வசதி இல்லாதவர்கள், ஏற்கெனவே உட்காரும் வகை இருந்தால், மேலே பொருத்தும் உயர்த்திய பிளாஸ்டிக் இருக்கையாவது வாங்கலாம். ஆடாமல் இறுகப் பிடிக்கும் வகையாகப் பாருங்கள்.

கைப்பிடியை டைல்ஸில் ஆணிபோல் அடிக்காமல், சுவரைத் துளைத்துச் சமையலறைப் பக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கினார். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படிப் போய்த் தூக்குவது? இங்கே கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, டிரம் தண்ணீர்தான். அதனால் இருக்கைக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சிமென்ட் திண்டு. சின்ன வாளியும் மக்கும் அதன்மேல். குனிந்து தரையில் எடுக்க வேண்டியதில்லை.

குந்தி உட்காருவதுதான் வயிற்றுக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. குந்தும்போது குடலின் கடைசி வளைவு நிமிர்ந்து சுலபமாக இறங்கும். முழங்கால் ஒத்துழைக்கும் வரை குந்தட்டும். ஒத்துழைக்காத நாளில், பழக்கத்தைச் சொல்லி அவர்களைத் தண்ணீர் குடிக்காமல் உட்காரவைக்காதீர்கள்.

வீட்டு வேலை முடிந்தது. அத்தை இப்போது சாயங்கால டீ குடிக்கிறார். ஆனால் இரண்டு வருஷமாகக் கோயில் திருவிழாவுக்கு வரவில்லை, கேட்டால் கூட்டம் என்கிறார். காரணம் கூட்டம் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். நான் பார்த்த கோயில் மண்டபங்கள், கல்யாண மண்டபங்களில் எல்லாமே குந்தும் வகைதான். ஒவ்வொரு மண்டபத்திலும் ஓர் அறையை மட்டும் மாற்றுங்கள் என்று கோயில் கமிட்டிப் பெரியவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதி மண்டபத்துக்கு இருக்கையின் செலவை எங்கள் வீடு ஏற்கும். கொத்தனாரை நானே கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருமகள்,
தாம்வே, யாங்கூன்.