ஜலாலுக்கு, உம்மாவின் பராமரிப்பு குறித்து

தேவிபட்டினம்

அன்புள்ள ஜலாலுக்கு,

இங்கே யாவரும் நலம். துபாயில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ கேட்டுக்கொண்டபடி நானும் சரோஜாவும் கீழக்கரைக்குப் போய் உம்மாவைப் பார்த்து வந்தோம். பேச்சு முன்னைவிடத் தெளிந்திருக்கிறது. என் பேரன் பேத்திகளைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள்.

பக்கவாதம் வந்த உம்மாவைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து பராமரிப்பு நிறுவனம் அனுப்பியிருக்கும் பெண்ணின் வேலை திருப்திதானா என்று கேட்டிருந்தாய். பகலில் திருப்தி, இரவில் இல்லை. கஞ்சி கொடுக்கும்போது உம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டியை எடுக்கிறாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கும். படுத்தவாக்கில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரைக்கும் போய்விடும் என்பதால், அந்தப் பெண்ணின் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன். வாய், நகம், உடுப்பு எல்லாம் சுத்தம்.

ஆனால் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்த சரோஜாவுக்கு அது போதவில்லை. உம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தாள். வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சிவந்திருந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணமாவது வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அதுதான் என்றாள். தோல் இன்னும் கிழியவில்லை, இப்போதே அந்த இடத்தில் அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டால் ஆறிவிடும் என்பதால் நீ கலங்க வேண்டாம்.

பிறகு அந்தப் பெண் எழுதும் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததாக இரவு 10, 12, 2, 4 என்று எல்லா நாளும் பிசகாமல் எழுதியிருக்கிறது. ஒரே உட்காரலில் நிரப்பியது என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்காக அந்தப் பெண்ணைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. பகல் முழுதும் தூக்கி, துடைத்து, துவைத்துவிட்டு இரவிலும் விழித்திருக்க எந்த மனுஷியால் முடியும்? ஒரே ஆளை அனுப்பிவிட்டு அதற்கு '24 மணி நேர சேவை' என்று பெயர் வைத்திருக்கும் நிறுவனத்தைத்தான் நீ கேட்க வேண்டும். காற்றடைத்த மெத்தை, அதுதான் ஏர் பெட், இருக்கிறதே என்று அவர்கள் சொல்லக்கூடும். அது இருந்தாலும் திருப்பிப் படுக்கவைக்கத்தான் வேண்டும். கரண்ட் போனால் அதுவும் காற்றிறங்கிக் கிடக்கும்.

நீ தினமும் வீடியோவில் பார்ப்பது மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்குப் பிறகு, முகம் கழுவி உடை மாற்றிய உம்மாவை. அந்த நேரத்தை வைத்து இந்தச் சேவையை எடைபோட முடியாது, ஜலால். கேமராவை ஒருநாள் முதுகுப்பக்கம் திருப்பச் சொல்லவும் உம்மாவின் கூச்சம் இடம்கொடுக்காது. ஆகவே வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் நேரில் வந்து முதுகு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல். இரவுக்குத் தனி ஆள் வேண்டும். ஆள் மாறும்போது பழையவரும் புதியவரும் ஒருநாளாவது சேர்ந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் பலவீனம், எந்த மாத்திரை எப்போது என்பதெல்லாம் அந்த ஒருநாளில்தான் கைமாறும். பயிற்சிச் சான்றும் காவல்துறைச் சரிபார்ப்பும் நீ முன்பே வாங்கிவிட்டாய், அது நல்லது.

இன்னொன்று. அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உம்மாவின் பெயர் அதில் இல்லை. பதிவு செய்யும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்; ஆதார் அட்டையின் நகலை மட்டும் அனுப்பு.

இரவு ஆள் வரும்வரை உன் மாமி மகள் வந்து படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். திருப்பிப் படுக்கவைக்கும் முறையைச் சரோஜா அவளுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். நிறுவனத்தார் என்ன பதில் சொன்னார்கள் என்று உடனே எழுது. அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் ராமநாதபுரத்திலேயே வேறு ஆள் விசாரிக்கிறேன்.

அன்புடன்,
கருணாகரன்