யார் பணம் என்று சொல்லிவிட்டுப் பேசட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மரபணு மாற்றுப் பயிரை ஆதரித்துப் பேசும் வேளாண் விஞ்ஞானிகள், தங்கள் ஆராய்ச்சிக்கு எந்தக் கம்பெனி பணமோ தொழில்நுட்பமோ கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூச்சியை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள்: மஹிகோ விதைக் கம்பெனியின் மரபணுவை நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமே உள்ளூர் ரகங்களில் ஏற்றியது, அமெரிக்க அரசின் உதவித் திட்டமும் அதில் இருந்தது, கடைசியில் 2010 பிப்ரவரியில் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதைச் சாகுபடிக்கு விடாமல் நிறுத்தி வைத்தார். கூட்டு ஆராய்ச்சியே தப்பு என்று நான் சொல்லவில்லை. பயிரை உருவாக்கும் வட்டத்தில் இருப்பவர்களே அது பாதுகாப்பானது என்று சான்றும் கொடுத்தால் எப்படி நம்புவது?

மரபணு மாற்றுக் கடுகு வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் அனுமதி விஷயத்தில் வேறுபட்டாலும், முடிவெடுக்கும் நிபுணர்களின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், ஆதாய முரண் (முடிவால் அவர்களுக்கே லாபம் வரும் நிலை) இருந்தால் அறிவிக்க வேண்டும் என்பதில் ஒன்றாகவே நின்றார்கள். சரி, அது டெல்லியில் அனுமதி பற்றி முடிவெடுக்கும் கமிட்டிக்கு மட்டும்தானா? இங்கே குறுவைக்கு முன்னால் நடக்கும் விவசாயிகள் கூட்டங்களில் பேச்சாளர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக இருக்கின்றன, நிதி கொடுத்தவர் பெயர்தான் இல்லை. நாற்றங்காலில் விதை விட்டபின் வருகிற நஷ்டம் முழுக்க எங்களுடையது. அழைப்பிதழிலேயே அந்த ஒரு வரியையும் அச்சடியுங்கள்.

– ஒரு விவசாயி, மன்னார்குடி