வால்வு இருக்கட்டும், தசை எப்படி இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த இதய வால்வு நோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வழியில் இருக்கும் பெருந்தமனி வால்வு சுருங்குவதை யாருக்கும் புரியும்படி விளக்கியிருந்தீர்கள். ஆனால் ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையோடு கட்டுரை நின்றுவிட்டது. நான் 18 ஆண்டுகளாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவள். அதற்கு மேல் உள்ளதைக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

வால்வு சுருங்கச் சுருங்க, ரத்தத்தை வெளியே தள்ள இடது கீழறை கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் அதன் சுவர் தடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் தசைச் செல்களுக்கு இடையில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படியும். சில இடங்களில் செல்கள் செத்து, அங்கே தழும்பு விழும். வால்வின் திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு, ரத்தம் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல் வேகமாகப் பாய்கிறது என்றெல்லாம் எக்கோ சொல்லிவிடும். தழும்பை அதில் நேரடியாகப் பார்க்க முடியாது.

எம்.ஆர்.ஐ.யில் காடோலினியம் மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, 10 நிமிடம் போலக் காத்திருப்போம். நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும், தழும்பில் தங்கி நிற்கும். நல்ல தசை கறுப்பாக விழும்படி கருவியைச் சரிசெய்து படம் எடுத்தால் தழும்பு வெள்ளையாகத் தெரியும். மாரடைப்பின் தழும்பு சுவரின் உட்பக்கத்திலிருந்து தொடங்கும். இந்த வால்வு நோயில் பெரும்பாலும் சுவரின் நடுவே கீற்றாக ஓடும்.

அந்தக் கீற்றை என் அப்பாவின் இதயத்திலும் பார்த்தேன். அவருக்கு எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 60 சதவீதம், அது இயல்புதான். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றே சொல்லிவந்தார். மூச்சிரைக்காததற்குக் காரணம், அவர் நடையைக் குறைத்துக்கொண்டதுதான். வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும்தான். மைக்கில் "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே பிடிங்க" என்று எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் பிடித்தார். அறிக்கை எழுதுவது டாக்டரின் வேலை. ஆனால் திரையில் வெள்ளை வந்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்புறம் வால்வு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஓராண்டு கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தோம். தடித்த சுவர் நன்றாக மெலிந்திருந்தது. கீற்று மட்டும் அப்படியே இருந்தது. பரவலாகப் படிந்த கொலாஜன் வால்வை மாற்றியபின் ஓரளவு குறையும், விழுந்த தழும்பு மறையாது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இந்தப் பரவலான படிவை அளக்க டி1 மேப்பிங் என்ற முறை இருக்கிறது.

தழும்பு தெரிந்ததும் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வால்வு கடுமையாகச் சுருங்கி, தசையில் தழும்பும் விழுந்து, ஆனால் அறிகுறி எதுவும் இல்லாத 224 பேரை வைத்து எவால்வ்ட் என்ற ஆய்வு நடந்தது. 2024இல் முடிவு வந்தது. முன்கூட்டியே வால்வு மாற்றியவர்களுக்கும் வழக்கமான முறையில் காத்திருந்தவர்களுக்கும் இடையே, மரணத்தையும் இந்த நோயால் திடீரென மருத்துவமனையில் சேர்வதையும் சேர்த்துப் பார்த்தபோது, தெளிவான வித்தியாசம் இல்லை. ஆனால் ஓராண்டு முடிவில் மூச்சிரைப்பு போன்ற தொந்தரவுகள் முன்கூட்டியே மாற்றியவர்களிடம் குறைவாக இருந்தன. அதனால் முடிவை டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சில் தசையின் நிலையும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. "வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது" என்று கேட்பவர்கள், "தசையில் தழும்பு விழுந்திருக்கிறதா, அதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. எனக்கு உதவுமா" என்றும் கேட்கலாம்.

சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களும் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குழாய்க்குள் படுக்கப் பயம் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். கையில் ஒரு மணி கொடுத்திருப்போம். அழுத்தினால் உடனே வெளியே எடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்