ஆறு வாரம் லீவு, பிள்ளைங்க கையில என்ன குடுக்கப் போறே?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். வாட்ஸாப்ல அனுப்பினா மாட்டுக் கொட்டகைக்கும் கிச்சனுக்கும் நடுவுல நின்னு பாதி படிச்சிட்டு "அப்புறம் பேசறேன்மா"ன்னுடுவே, அதான் ஈமெயில்ல போடறேன், பிள்ளைங்க தூங்கினப்புறம் நிதானமா படி. இங்க சிங்கப்பூர் யீஷூன்ல மழை ஆரம்பிச்சாச்சு, மத்தியானம் ஆனா வானம் கறுத்துடுது, காரிடார்ல துணி காயவே மாட்டேங்குது. உனக்கு அங்க கோடை. நியூசிலாந்துல கிறிஸ்துமஸுக்கு வெயில் அடிக்கும்னு இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு மனசுல பதியவே மாட்டேங்குது போ.

போன வாரம் நீ கேட்டேல்ல, ஆறு வாரம் ரெண்டையும் வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது, பக்கத்து வீடே அத்தனை தள்ளி இருக்கு, டவுனுக்குப் போனா பெட்ரோல் செலவுன்னு. ஆன்லைன்ல கிராஃப்ட் கிட் நாலஞ்சு ஆர்டர் பண்ணலாம்னு இருக்கேன்னும் சொன்னே. அப்ப நான் ஒண்ணும் சொல்லல, ஆனா அப்புறம் அதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன். அந்த கிட் வேணாம்மா. ஒரு மணி நேரம் ஒட்டும் வெட்டும், மறுநாள் அது அலமாரி மேல, அடுத்த வாரம் குப்பையில. இது யாருக்கும் தேவையில்லாத சாமான்னு பிள்ளைக்கும் தெரியும், நீ "சூப்பர் கண்ணு"ன்னு சொன்னாலும் தெரியும். பிள்ளைங்க கையால எது செஞ்சாலும் அது வீட்டுல புழங்கணும். நான் சொல்ல வர்றது அது ஒண்ணுதான், மீதியெல்லாம் அதுக்கு விளக்கம்.

எங்க ஊரு உடன்குடி பக்கம்னு உனக்குத் தெரியும், ஆனா நீ போனதெல்லாம் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும்தான், மே மாச லீவுல அங்க இருந்ததே இல்ல. சித்திரை வைகாசில பனங்காடு முழுக்க வேலை நடக்கும். பதநீர் இறக்குவாங்க, கருப்பட்டி காய்ச்சற வாசம் ஊரே தூக்கும், நுங்கு வெட்டித் தின்னுட்டு கூந்தலை, அதான் தின்ன காலிக் காயை, ரெண்டா எடுத்து நடுவுல குச்சி சொருகி கவட்டைக் கம்பால தள்ளிக்கிட்டு பையனுங்க வண்டி ஓட்டுவானுங்க. பொம்பளப் பிள்ளைங்க எங்களுக்கு ஓலை. குருத்தோலையை வெயில்ல காய வச்சு, ஈர்க்கை உரிச்சு எடுத்து, ஒரே அகலமா கீறி, பின்றதுக்கு முன்னாடி லேசா தண்ணி தெளிச்சு ஈரத்துணியில சுத்தி வைக்கணும், இல்லாட்டி மடக்கறப்ப ஒடிஞ்சிடும். கருப்பட்டி போட்டு விக்கறதே ஓலைப்பெட்டியிலதானே, அதனால நாங்க பின்னினது விளையாட்டு இல்ல. நான் முதல்ல பின்னின கொட்டான்ல எங்கம்மா பூண்டு போட்டு அடுப்பங்கரையில தொங்கவிட்டாங்க. நான் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தப்பவும் அது அங்கதான் தொங்கிச்சு. அவங்க என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதா ஞாபகமே இல்ல, பூண்டு எடுக்க தினம் அதுல கை விட்டாங்க, எனக்கு அது போதுமா இருந்துச்சு.

உனக்கு பனை இல்ல, ஆனா உன் வேலி ஓரமா வரிசையா நிக்குதே ஃப்ளாக்ஸ் செடி, மவோரி ஜனங்க ஹராக்கெக்கேன்னு சொல்றது, அது போதும். நீ வீடியோவுல காட்டினதுல இருந்து எனக்கு அது மேலதான் கண்ணு. அதை வெட்டறதுக்கு அவங்ககிட்ட முறை இருக்கு, பெரியவனுக்கு அதை முதல்ல சொல்லிக்குடு. நடுவுல இருக்கற குருத்து பிள்ளை, அதை ஒட்டி ரெண்டு பக்கமும் நிக்கறது அப்பா அம்மா, அந்த மூணையும் தொடவே கூடாது. வெளிப்பக்கம் இருக்கற வயசான இலையை மட்டும், சாய்வா கீழ் நோக்கி வெட்டணும். மழையில வெட்டக்கூடாது, ராத்திரி வெட்டக்கூடாது. கழிச்சதை எரிக்காம செடி அடியிலயே கொண்டுபோய்ப் போடணும். நம்ம ஊர்ல நேர்மாறு, நாங்க பின்றதே குருத்தோலையிலதான், ஆனா ஒரு மரத்துக் குருத்தையெல்லாம் ஒட்ட எடுத்தா மரம் போயிடும்னு ஏறறவங்களுக்குத் தெரியும், அளவாத்தான் எடுப்பாங்க. ரெண்டு ஊர்லயும் மரத்தைக் கேட்டுத்தான் கத்தி எடுக்கறாங்க பாரு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு, அது பச்சையா இருக்கறப்பவே பின்னினா காயக் காய சுருங்கி சந்து விட்டுடும். அதனால கீத்து கிழிச்சு, ஓரத்தையும் நடு நரம்பையும் எடுத்துட்டு, கத்தியோட மழுங்கின முதுகால இழுத்து இழுத்து தண்ணியை வெளியேத்தி, கொஞ்சம் வாட விட்டு அப்புறம் பின்னு. உங்க பக்கம் பின்னல் சொல்லிக்குடுக்கற மவோரி அம்மாங்க யாராச்சும் இருந்தா அவங்ககிட்டயே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போ, யூடியூபை விட அது நூறு மடங்கு மேல். முதல்ல பின்னினதை தானே வச்சுக்காம யாருக்காச்சும் குடுத்துடணும்னு அவங்க வழக்கம். சின்னவ அழுவா, பரவால்ல, குடுக்கட்டும். ரெண்டாவது பின்றது வீட்டுக்கு, அதுல நீ முட்டை எடுத்து வை, வெங்காயம் போட்டு வை, ஆனா ஷோகேஸ்ல வச்சிடாதே.

பனை ஓலையும் கொஞ்சம் முருங்கை விதையும் அனுப்பலாம்னு அப்பா சொன்னார், நான்தான் வேணாம்னேன், உங்க ஊர் பயோசெக்யூரிட்டி கண்டிப்பு தெரிஞ்சதுதானே, நம்மால மாப்பிள்ளைக்கு எதுக்குத் தொந்தரவு. பொருளா அனுப்ப முடியாதுங்கறதாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மழை நாள் வந்தா ஊசி நூல் எடு. நீ ஸ்கூல்ல விளையாடின ஃபைவ் ஸ்டோன்ஸ் ஞாபகம் இருக்கா, துணியில முக்கோணமா தைச்சது, பழைய பாவாடைத் துணியில நான் தைச்சுக் குடுப்பேனே. சின்னவளுக்கு ஆறு வயசு, தைக்கற வயசுதான். துணியை சதுரமா மடிச்சு ரெண்டு பக்கம் தைச்சுட்டு, அரிசியோ பயறோ முக்கால் பாகம் போட்டு, திறந்திருக்கற பக்கத்தை எதிர்த் திசையில சேர்த்துப் பிடிச்சு மூடினா தானா முக்கோணம் வந்துடும். முழுக்க அடைச்சா கையில நிக்காது. தைச்சு முடிச்ச அன்னைக்கே விளையாடிடணும், அஞ்சாங்கல் எனக்கு இன்னும் கை மறக்கல, வீடியோல போட்டிக்கு வரச் சொல்லு. பல்லாங்குழிக்கு பலகையே வேணாம், கொட்டகை ஓரமா மண்ணுல ரெண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி தோண்டினா ஆச்சு. ஒரு குழியில நாலு சேர்ந்தா அதுக்குப் பேரு பசு, எடுத்துக்கலாம். மாட்டுப் பண்ணையில வளர்ற பிள்ளைங்களுக்கு இதை விடப் பொருத்தமா வேற என்ன ஆட்டம் வேணும் சொல்லு.

அடுப்படி வேலையையும் லீவு வேலையாவே நினை. வாசல்ல அந்த எலுமிச்சை மரம் காய்ச்சுக் கொட்டுதுன்னு சொன்னியே. பெரியவன் நறுக்கட்டும், சின்னவ உப்பும் மஞ்சளும் போட்டுக் குலுக்கட்டும், கண்ணாடி ஜாடியில தினம் ஒரு தடவை கிளறி விடறது அவ பொறுப்பு, ஈரக் கரண்டி போடாம இருக்கறதும் அவ பொறுப்பு. தோல் மெத்துனு ஆனதும் தட்டுல பரப்பி வெயில்ல வை, மேல வலை போடு. எங்க காலத்துல மாடியில வடகம் காயறப்ப குச்சியோட காக்கா விரட்ட எங்களை உக்கார வைப்பாங்க, வடகமாவு பாதி எங்க வாய்க்குத்தான் போகும். இங்க பிளாக்ல அதுக்கெல்லாம் இடமே இல்ல, காரிடார்ல ஒரு தட்டு மோர் மிளகாய் வச்சாலே மழை வந்துடுது. உனக்கு அவ்ளோ இடமும் வெயிலும் இருக்கு.

கொத்தமல்லி போட்டா வெயிலுக்கு உடனே பூத்துடுதும்மான்னு அலுத்துக்கிட்டேல்ல, அதைப் பிடுங்காதே. பூக்க விடு, காய் பிடிச்சுக் காயட்டும், பிள்ளைங்களை விட்டுப் பேப்பர் பையில உதிர்க்கச் சொல்லு. அதை வறுத்து சாம்பார்ப்பொடி அரை. இலையும் மல்லியும் ஒரே செடின்னு இங்க ஃபேர்பிரைஸ்ல பாக்கெட்ல பாத்து வளர்ந்த உனக்கே ரொம்ப நாள் தெரியாது, அதுங்களாவது கையால தெரிஞ்சுக்கட்டும்.

படிக்கறதுக்கு வர்றேன், இதுலதான் எனக்கு ரொம்ப ஆசை. ஊர்ல உச்சி வெயில்ல வெளிய போக விடமாட்டாங்க, கிளை நூலகத்துல எடுத்த புஸ்தகம் வீட்டுக்கு ஒண்ணுதான் இருக்கும், அதனால ஒருத்தர் உரக்கப் படிக்க மத்தவங்க ஓலை பின்னிக்கிட்டே கேப்போம். கை பாட்டுக்கு வேலை செய்யும், காது கதையில இருக்கும், அந்த ரெண்டும் சேர்ந்தா பிள்ளைங்க அசையாது. நீயும் அப்படிச் செய். பீன்ஸ் நறுக்கறப்ப, கீத்து இழுக்கறப்ப பெரியவன் தமிழ்ல ஒரு பக்கம் வாசிக்கட்டும். தடுக்கினா உடனே திருத்தாதே, கதை நிக்கக் கூடாது, வாக்கியம் முடியட்டும். இந்த வீட்டுல தமிழ் படிக்கறது பரிட்சைக்காக இல்ல, வேலை செய்யறவங்களுக்குக் கதை சொல்றதுக்காகன்னு அவனுக்குப் படணும், அவன் வாசிச்சாத்தான் மத்தவங்களுக்குக் கதை நகரும்னு தெரிஞ்சா அவனே புஸ்தகத்தைத் தேடுவான். நீ இன்னும் சிங்கப்பூர் சிட்டிசன்தானே, உன் என்எல்பி, அதான் இங்கத்த தேசிய நூலக வாரிய அக்கவுண்ட் திறக்குதான்னு பாரு, ஆப்ல தமிழ் மின்னூலும் இருக்கு. அங்க லைப்ரரிங்கள்ல பிள்ளைங்களுக்குக் கோடை வாசிப்புத் திட்டம் நடத்துவாங்க, டவுனுக்குப் போறப்ப பேரைக் குடுத்துடு. அப்பாவும் தினம் ஒரு அத்தியாயம் படிச்சு அனுப்பறேன்னு உக்காந்திருக்கார். எங்களுக்கு மத்தியானம் மூணு மணின்னா உங்களுக்கு ராத்திரி எட்டு, அப்பவும் வெளிச்சம் இருக்குமாமே, வராந்தாவுல உக்காந்து கேளுங்க.

வெளிய போறதுன்னா முதல்ல பறவை பாக்க மிராண்டா கடற்கரைக்குப் போங்க, உங்க வீட்டுலேருந்து பக்கம்தான். இங்க சுங்கை பூலோ சதுப்பு நிலப் பூங்கா 1993ல திறந்தப்ப நீ சின்னப் பிள்ளை, அப்பா வருஷக் கடைசி லீவுல உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் வலசைப் பறவை காட்டுவார், நீ பறவையை விட்டுட்டு சேத்துல ஓடற உடும்பையே பாப்பே. உங்க ஊர் பறவைங்களும் அதே வான்பாதைதான், வடக்கேலேருந்து கிழக்காசியா வழியா ஆஸ்திரேலியா நியூசிலாந்து வரைக்கும் போற பாதை. காட்விட்னு ஒரு பறவை அலாஸ்காவுல குஞ்சு பொரிச்சு, செப்டம்பர் அக்டோபர்ல உங்க கடற்கரையில வந்து இறங்கும், மார்ச்ல திரும்பும். 2007ல ஒரு பெட்டைப் பறவை உடம்புல கருவி வச்சுப் பாத்தாங்க, அலாஸ்காவுலேருந்து 11,000 கிலோமீட்டருக்கு மேல எட்டு நாள்ல எங்கயும் இறங்காம பறந்து, உங்க பக்கத்து பியாக்கோ ஆத்து முகத்துலதான் வந்து இறங்குச்சு. தண்ணியில மிதந்து ஓய்வெடுக்கற பறவை இல்ல அது. இதைப் பெரியவனுக்குச் சொல்லிட்டு உலக உருண்டையில நூல் வச்சு அளக்கச் சொல்லு, அப்புறம் கூட்டிட்டுப் போ. கடல் ஏறி வர்ற நேரம் போகணும், தண்ணி ஏற ஏற சேத்துல சிதறி மேயற கூட்டமெல்லாம் கரைப்பக்கம் ஒதுங்கி வரும், வத்தின நேரம் போனா தூரத்துல புள்ளிதான் தெரியும். ஒரு நோட்டுல தேதி, தண்ணி நேரம், எத்தனை பறவைன்னு அவன் எழுதட்டும், தமிழ்லயே எழுதட்டும், அடுத்த வருஷம் அதைப் பாத்துத்தான் எப்ப போகலாம்னு முடிவு பண்ணணும்.

ரெண்டு விஷயம் கண்டிப்பா. காலையில பத்துலேருந்து நாலு வரைக்கும் தொப்பி இல்லாம விடாதே, அங்க வெயில் சூடு கம்மியா தெரிஞ்சாலும் தோலைச் சுட்டுடும், நம்ம நிறத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மாப்பிள்ளை சொன்னா கேக்காதே. பண்ணையில ஓட்டற அந்த நாலு சக்கர குவாட் பைக்ல பிள்ளைங்களை ஏத்தவே கூடாது, பெரியவங்க ஓட்டற பைக்கை 16 வயசுக்குள்ள யாரும் ஓட்டக் கூடாதுன்னு அங்கயே சொல்றாங்க, பின்னாடி உக்கார வச்சு ஒரு ரவுண்டுன்னு கூட வேணாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க போனா போகட்டும்.

மிராண்டாவுக்குப் போற தேதி முடிவானா சொல்லு, அப்பா தன் பழைய பைனாகுலரைத் துடைச்சு வச்சிருக்கார், மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தா குடுத்து விடலாமான்னு கேக்கறார். கூடை முட்டைக்கா வெங்காயத்துக்கான்னும் சொல்லு, அதுக்கேத்த மாதிரி எத்தனை கீத்து, எவ்ளோ நீளம்னு வாய்ஸ் மெசேஜ் போடறேன்.

அன்புடன்,
அம்மா